நாற்பத்தோராம் பக்கம்

காக்ஸ் டவுனில் காக்ஸ் யார் என்று
ஒருவருக்கும் தெரியாது.
ஃப்ரேஸர் யார், வீலர் யார்?
பலகையில் புலிகேசி ஏறி எத்தனையோ காலம்,
ஆட்டோவில் உட்கார்ந்ததும்
வாயில் வருவது ஃப்ரேஸர்தான்.

வெரோனா ஆர்மோகனின் கதைகளில்
கரும்புத் தோட்டங்களுக்கு அப்படித்தான் பெயர்.
துரை மகளின் பெயரில் ஒரு வயல்,
துரை பிறந்த குளிர்தேசத்துக் கிராமத்தின் பெயரில்
ஒரு வாய்க்கால்.
வெட்டியவனுக்கு எண்.

ஆர்மோகன் என்பது பிரெஞ்சுப் பெயர் என்று
பள்ளியில் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.
பெர்பீஸ் ஆற்றங்கரையில் ஒரு குமாஸ்தா
காதில் விழுந்த மட்டும் எழுதினான்.
கப்பலேறியவன் ஆறுமுகம்.
இறங்கி நடந்தபோது
எத்தனை முகம் மிச்சமோ.

சிரிக்க எனக்குத் தகுதியில்லை.
என் அட்டையில்
அமலோற்பவம்
அமலோர் பாவம் ஆகி இரண்டு வருஷம்.
திருத்தப் போன இடத்தில்
கவுன்டர் பெண் கேட்டாள்:
ஊரு யாவுது?
இதுதான்.
அல்ல, ஸ்வந்த ஊரு?
நாலு தலைமுறையாக இதுதான் என்று
நல்ல கன்னடத்திலேயே சொன்னேன்.
அவளும் பாவம்,
ராய்ச்சூரிலிருந்து வந்து மூன்று மாதம்.

நாவலில் ஐலீனையும் கேட்கிறார்கள்,
லண்டன் பஸ்ஸில், மழையில்.
அதற்கு முன்னால் எங்கே?
அதற்கும் முன்னால்?
கேட்கக் கேட்க அவள்
கடலுக்குள் இறங்கிக்கொண்டே போகிறாள்
முழங்கால் இடுப்பு கழுத்து.
அந்த அத்தியாயத்தைத் தமிழாக்க
எனக்கு ஒரு பகல் போதுமாயிருந்தது.

நின்றுபோனது நாற்பத்தோராம் பக்கத்தில்.
வெள்ளிக்கிழமை. செம்பருத்தி. கற்பூரம்.
ஐந்து தலைமுறைப் பெண்கள்
கைகூப்பிச் சொல்லும் ஒரு வரி,
சாய்ந்த எழுத்தில்:
குலியங்கா சோரியங்கா தோராயே.
மூன்று தேவியரின் பெயர்கள்,
பொருள் தெரியவில்லை
என்கிறது அடிக்குறிப்பு.

அகராதியில் அந்தத் தேவியர் இல்லை.
அல்சூர் கோயில் பூசாரி
வடநாட்டுச் சாமியாக இருக்கும் என்றார்.
பதினோரு நாள்
பக்கத்தைத் திருப்பாமல் வைத்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி, கரண்ட் இல்லை.
கீழே தண்ணி லாரி.
மாடிப்படியிலிருந்து ஸ்டெல்லா
டிரைவரைப் பிடித்துக் கத்துகிறாள்:
காசு வாங்கினல்ல?
தண்ணி எங்க?
தண்ணி எங்கய்யா?

போன் வெளிச்சத்தில்
புத்தகத்தை எடுத்து வாய்விட்டு வாசித்தேன்.

கூலி எங்க.
சோறு எங்க.
தொரையே.

கற்பூரம் ஏற்றி
செம்பருத்தி சாத்தி
அத்தனை வருஷமாக
கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.
கேட்கப்பட்டவனே மூன்றாம் தேவியாகி
பூவும் வாங்கிக்கொண்டிருக்கிறான்.

அல்லது
என் காதும் ஒரு குமாஸ்தாவின் காதுதானோ.
வேண்டியது மட்டும் விழுகிறதோ.
எங்கள் ஆட்கள் வடாற்காட்டிலிருந்து
கோலாரில் பூமிக்குள் இறங்கியவர்கள்.
அதே சந்தையில், அதே பஞ்சத்தில்
சிலர் சுரங்கத்துக்கு, சிலர் கப்பலுக்கு.
இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும்.
கூலி என்ற சொல்
அங்கே ஆளுக்குப் பெயராகி
வசவாகவும் ஆனது.
பணமாக மட்டும் ஆகவில்லை.

வெரோனாவுக்கு எழுதினேன்.
ஒன்பது நாள் கழித்துப் பதில்:
'அம்மாவிடம் சொல்லவில்லை.
நேற்றுப் பூஜையில் நானும் நின்றேன்.
வழக்கமாக முணுமுணுப்பேன்.
நேற்று என்னவோ, குரல் உயர்ந்துவிட்டது.
அம்மா திரும்பிப் பார்த்தாள்.'

தமிழைத் தமிழாக்குவது எப்படி?
உடைந்ததை ஒட்டினால்
கடலை அழித்ததாகிவிடும்.
அந்த வரியைத் தொடவில்லை.
அடிக்குறிப்பை மட்டும் எடுத்துவிட்டேன்.

இன்று காலை அச்சகத்திலிருந்து பிரதி வந்தது.
மெய்ப்புப் பார்க்கும் தம்பி
குலியங்காவைச் சுற்றி
சிவப்பில் வட்டம் போட்டு
ஓரத்தில் எழுதியிருக்கிறான்:
எழுத்துப்பிழையா, அக்கா?